அடுத்து யார்?

போன வருஷம் ஒரு பெண்மணிக்கு ஒரு காகிதத்தை நகல் எடுத்துக் கொடுக்க மறுத்தேன். விஷயம் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன். அறத்தைப் பற்றி எழுதவேண்டுமானால் ஒரு கொலை வேண்டும், ஒரு துரோகமாவது வேண்டும் என்று நமக்குள் ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. நாவல்கள் படித்துப் படித்து வந்த எண்ணம். கோடரியைத் தூக்கினால்தான் மனசாட்சி விழித்துக்கொள்ளும் என்பதுபோல. பெரும்பாலோர் கோடரியைத் தொடாமலே செத்துப்போகிறோம். நம் கணக்கு முழுவதும் இந்த மாதிரிச் சில்லறைகளில்தான் இருக்கிறது.

உச்சிப்புளியில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தாவாக இருக்கிறேன். அன்று மாதாந்திரப் பராமரிப்புக்காக ஊரில் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். கிளை ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் வந்தார். கடலில் பாசி எடுக்கிறவர் என்று கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். இந்தக் கரைப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுப்பில் பையோடு மூழ்கிப் பாறைகளிலிருந்து பாசி பறிக்கிறார்கள். துணியையும் மீறிப் பாறை விரலைத் தின்றுவிடும். ஊருக்குள் கையடக்க இயந்திரத்தோடு வரும் வங்கி முகவரிடம் மூன்று தடவை கட்டைவிரலை வைத்திருக்கிறார், ரேகை பதியவில்லை. கிளைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். கணக்கில் பணம் இருந்தது. ஆனால் வாடிக்கையாளர் விவரங்களைப் புதுப்பிக்காததால் கணக்கை முடக்கி வைத்திருந்தது. ஆதார் அட்டையை எடுத்துக் காட்டினார்.

"ஜெராக்ஸ் வேணும்மா. எடுத்துட்டு வாங்க" என்றேன்.

"கரண்டு இல்லங்குறாக தம்பி."

"அப்ப நாளைக்கு வாங்க."

ராமநாதபுரம் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். எதற்குப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. நாற்காலியைத் திருப்பினால் கை எட்டும் தூரத்தில் என் முதுகுக்குப் பின்னால் கிளையின் நகல் இயந்திரம் இருந்தது. வாடிக்கையாளர்களின் காகிதங்களை அதில் எடுப்பதில்லை என்று ஒரு வழக்கம். எழுத்தில் இல்லாத வழக்கம். அந்த அம்மாள் ஒதுங்கி நின்றார். நான் வழக்கம்போல, "அடுத்து யாரு?" என்றேன்.

அடுத்து நின்றவர் பரோட்டாக்கடை வைத்திருக்கும் ஒரு பாய். முந்தின நாள் வசூலைக் கட்ட வந்திருந்தார். என் பக்கம் திரும்பாமல் அந்த அம்மாளிடம், "எம்புட்டும்மா வேணும்?" என்று கேட்டார். "ஆயிரத்தைநூறு பாயி." ரப்பர் வளையத்தைக் கழற்றி மூன்று ஐந்நூறு ரூபாய்த் தாள்களை உருவிக் கொடுத்தார். அந்த அம்மாள் நன்றி என்று எதுவும் சொன்னதாக ஞாபகம் இல்லை. முந்தியில் முடிந்துகொண்டு போய்விட்டார். பாய் சலானில் தொகையை அடித்துத் திருத்தி என்னிடம் நீட்டினார்.

இந்த இடத்தில் வாசகருக்கு நல்ல சமாரியன் கதை ஞாபகம் வரும். எனக்கும் வந்தது, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே. படித்தவனுக்கு இது ஒரு சாபக்கேடு. தான் செய்த தப்புகூட உடனே ஒரு மேற்கோளாகிவிடுகிறது. குற்றுயிராகக் கிடந்தவனைப் பார்த்தும் விலகிப்போன ஆசாரியன், லேவியன் இருவரில் நான் யார் என்றுகூட யோசித்தேன். யோசித்துக்கொண்டே அடுத்த சலானை வாங்கினேன்.

ஆனால் அந்தக் கதையில் எனக்கு நெருடலாக இருப்பது வேறொன்று. சட்டம் தெரிந்த ஒருவன் ஏசுவிடம் ஒரு கேள்வி கேட்பதிலிருந்து அது தொடங்குகிறது. தான் யார்மீது அன்பு செலுத்தவேண்டும், அந்த வட்டத்துக்கு எல்லை எது என்பது அவன் கேள்வி. அந்த 'யார்' என்பதற்குத் தமிழில் இரண்டு சொற்கள் வழங்குகின்றன. புராட்டஸ்டண்டுகளின் பைபிளில் அது 'பிறன்'. கத்தோலிக்கர்களும் சேர்ந்து 1995-இல் வெளிக்கொண்டுவந்த திருவிவிலியத்தில் 'அடுத்திருப்பவர்'. கிரேக்க மூலச் சொல்லுக்குப் பக்கத்தில் இருப்பவன் என்றுதான் பொருள். அந்த வகையில் பின்னதுதான் நெருக்கமான மொழிபெயர்ப்பு. இருந்தாலும் பிறன் என்ற சொல்லைத் தேர்ந்தவர்கள் தெரிந்தோ தெரியாமலோ ஒரு உண்மையைத் தொட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். தமிழில் பிறன் வேலிக்கு அப்பால் இருப்பவன். குறளில் அவன் தலைகாட்டும் அதிகாரம் பிறனில் விழையாமை. அவன் வீட்டை எட்டிப்பார்க்காதே, அவன் பொருளைத் தொடாதே என்பதுதான் அவனைப் பற்றி நமக்குச் சொல்லப்பட்ட நீதி. விலகி நிற்பது அவனுக்கு நாம் செய்யும் மரியாதை. அவனிடம் போய் அன்பு செய் என்றால் தமிழ்க் காது கொஞ்சம் திடுக்கிடத்தான் செய்யும்.

என் பாட்டி இவை இரண்டையும் சொல்லமாட்டாள். அவளுக்கு அது 'பிறர்சிநேகம்'. பழைய ஞானோபதேசப் புத்தகத்தின் சொல். இப்போது பிரசங்கங்களில் 'பிறரன்பு' என்கிறார்கள். சொல் சுத்தமாகிவிட்டது, ஆனால் வழுவழுப்பு போய்விட்டது. ஸ்நேகம் என்றால் வடமொழியில் எண்ணெய் என்றும் பொருள் உண்டு. ஒட்டும், பிசுபிசுக்கும், கையைக் கழுவினாலும் போகாது. பாட்டி பிறர்சிநேகம் என்று சொல்லும்போது எப்போதும் ஏதாவது ஒரு பாத்திரம் அவள் கையில் இருந்ததாக எனக்கு ஞாபகம்.

அன்பு என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. வள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலில் வைத்தார். அருளுடைமையைத் துறவறவியலில் வைத்தார். பரிமேலழகர் வேறுபாட்டை விளக்குகிறார்: தொடர்புடையார்மேல் செல்வது அன்பு, தொடர்பு பாராமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள். இது சும்மா ஒரு வகைப்பாடு அல்ல. மனித சுபாவத்தைப் பற்றிய ஒரு கறாரான கணிப்பு. பெண்டாட்டி பிள்ளை, வீட்டுக்கடன், மாமனார் ஆஸ்பத்திரிச் செலவு என்று இருக்கிறவனிடம் எல்லோர்மேலும் ஒன்றுபோல் கசிந்துருகு என்று கேட்காதே. கேட்டால் பொய் சொல்லத் தொடங்கிவிடுவான். அதைத் தொடர்புகளை அறுத்தவனிடம் கேள். கிறிஸ்தவம் செய்த காரியம் என்னவென்றால், துறவிக்கு உரியதை இல்லறத்தானிடம் கேட்டது. பெண்டாட்டியையும் வைத்துக்கொள், கடையையும் நடத்து, ஆனால் தொடர்பு பாராமல் செல்லும் அந்தக் கருணையும் உன்னிடம் இருக்கவேண்டும். நம் பாகுபாட்டில் இதற்கு அறையே கிடையாது. தமிழாக்கியவர்கள் 'அருள்' என்று போட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லைக் கடவுளுக்கென்று எடுத்துவைத்துவிட்டதால் மனிதனுக்கு 'அன்பு' மிஞ்சியது. விளைவு, தமிழ்க் கிறிஸ்தவன் அன்பு என்று வாசிக்கும்போதெல்லாம் அவன் காதில் வீடு கேட்கிறது, தெரு கேட்பதில்லை.

கீர்க்கெகார்ட் 1847-இல் அன்பின் செயல்களைப் பற்றி எழுதிய பெரிய புத்தகத்தில் இந்த வீட்டைத்தான் உடைக்கப் பார்க்கிறார். காதலும் நட்பும் தேர்ந்தெடுக்கிறவை. ஆகவே அவை தன்னை நேசிப்பதன் வேறு வடிவம். அயலானோ தேர்வுக்கு உட்பட்டவன் அல்ல. பிரார்த்தனை முடிந்து கதவைத் திறந்தால் முதலில் எதிர்ப்படுகிற ஆள் எவனோ அவனே அயலான். அவனிடத்தில் அன்பு கடமை, உணர்ச்சியல்ல, கட்டளை. கல்லூரியில் இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்போது, பதினோரு வருஷம் கவுண்டரில் உட்கார்ந்த பிறகு படிக்கும்போது, வேறொன்று தோன்றுகிறது. கீர்க்கெகார்டின் அயலானை நான் தினமும் பார்க்கிறேன். அவனுக்குப் பெயர் வரிசையில் அடுத்த ஆள். சொந்தக்காரன், நண்பன், சாதிக்காரன், பெரிய டெபாசிட்காரன் என்று பார்க்காமல், எவன் முன்னால் வருகிறானோ அவன். "அடுத்து யாரு?" என்று நான் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிறேன். அந்தச் சட்ட வல்லுநன் கேட்டதும் இதே கேள்விதான். வரிசையை நான் மீறியது கிடையாது. கிளையில் எனக்கு அந்த நல்ல பெயர் உண்டு. கீர்க்கெகார்டின் இலக்கணப்படி ஒரு குறையும் இல்லாமல் நடந்துகொண்டு, யாரையும் நேசிக்காமல் பதினோரு வருஷத்தைக் கழித்துவிட்டேன்.

அடோர்னோ கீர்க்கெகார்டின் அன்புக் கொள்கையைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதை வேறு பக்கத்திலிருந்து பிடிக்கிறார். எல்லோரும் அயலாராகிவிட்டால் முகம் அழிந்துவிடுகிறது. யாருக்குப் பதில் யாரையும் நிறுத்தலாம் என்றாகிறது. உலகத்தின் துன்பம் அப்படியே இருக்க, அன்பு உள்ளுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. இது கொஞ்சம் அநியாயமான விமர்சனம்தான். கீர்க்கெகார்ட் செயல் என்றுதான் மறுபடி மறுபடி சொல்கிறார். ஆனாலும் முகம் அழிவது உண்மை. அந்த அம்மாளின் முகம் எனக்கு ஞாபகமில்லை. விரல்தான் ஞாபகம் இருக்கிறது.

நான் சொல்லும் இந்தக் கதைக்கு இந்தக் கரையிலேயே ஒரு பழைய முன்னோடி இருக்கிறது. உச்சிப்புளியிலிருந்து மண்டபம் போகும் வழியில் வேதாளை. இன்று முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் கடலோர ஊர். 1549-இல் அங்கே அந்தோனியோ கிரிமினாலி என்ற இத்தாலியப் பாதிரியார் வெட்டுண்டு செத்தார். பார்மாவுக்குப் பக்கத்தில் சீசா என்ற ஊரில் 1520-இல் பிறந்தவர். முத்துக்குளித்துறையில் சவேரியாருக்குப் பின்னால் பொறுப்பேற்றவர். தமிழ் எழுதப் படிக்கக் கற்றவர். ஏசு சபையின் முதல் வேதசாட்சி என்று இவரைத்தான் சொல்கிறார்கள். வடுகப் படை வேதாளையைத் தாக்கியபோது போர்த்துக்கீசியரின் சிறு காவல்படையால் நிற்க முடியவில்லை. கப்பல்களுக்கு ஓடினார்கள். கிரிமினாலி கரையில் நின்று பெண்களையும் குழந்தைகளையும் தோணிகளில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவரையும் ஏறச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். ஈட்டியால் குத்தி, தலையைக் கொய்தார்கள். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. என்னைவிடச் சின்னவர்.

கேட்கும்போது மனசு நிறைந்துவிடுகிறது. தோணியில் ஏறும் வரிசை. ஏற்றிவிடுகிறவர் கடைசிவரை அந்த வரிசையில் சேரவேயில்லை. நான் உட்கார்ந்திருக்கிற வரிசைக்கு நேர் எதிரான வரிசை அது. ஆனால் படை ஏன் வந்தது? அந்தக் காலத்துச் செய்திகளை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்: போர்த்துக்கீசியத் தளபதி ராமேஸ்வரத்துக்குப் போகிற பாதைக்குக் குறுக்கே அகழி வெட்டி, யாத்ரிகர்களை மறித்து வரி வாங்கினான். காசியிலிருந்தும் எங்கெங்கிருந்தோ நடந்தும் வந்து, கடலைப் பார்க்கப்போகும் கடைசி எட்டில் அகழியண்டை நிறுத்தப்பட்ட அந்த யாத்ரிகன் யார்? அவனும் அடுத்திருப்பவன்தான். குற்றுயிராகக் கிடக்கவில்லை, வரி கொடுத்துவிட்டுப் போனான், அல்லது கொடுக்கமுடியாமல் திரும்பினான். அவனைப் பற்றி வேதசாட்சியின் சரித்திரத்தில் ஒரு அத்தியாயம் கிடையாது. கிரிமினாலியின் தியாகத்தில் இதனால் ஒரு துளியும் குறையவில்லை; அகழி அவர் வெட்டியதல்ல. ஆனால் அகழிக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள்தான் அவருடைய வரிசையில் நின்றார்கள். அன்பு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் யாரோ முன்பே வெட்டிவைத்த ஒரு பள்ளத்தின் ஓரத்தில்தான் நிற்கிறது. தர்மம் செய்கிறவனுக்கு அது எப்போதாவது கண்ணில் படுமா என்பதுதான் என் சந்தேகம். சாலையில் விழுந்து கிடந்தவன் ஒருவன்தான் என்பதால் சமாரியனுக்கு வேலை சுலபமாகிவிட்டது. இரண்டு பேர் கிடந்து கழுதை ஒன்றுதான் என்றால் ஏசு என்ன சொல்லியிருப்பார்?

சின்ன வயதில் பாட்டியோடு ஓரியூருக்குப் போயிருக்கிறேன். அருளானந்தர் 1693-இல் தலை வெட்டப்பட்ட இடம். சிவந்த மணலைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவோம். ரத்தம் விழுந்த மண்ணைக் கொண்டுவந்து மாடத்தில் வைக்கலாம். அவர் அதற்கு முன்னால் மறவச்சீமையில் வெயிலில் நடந்த நாள்களை, யாரோ ஒரு நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மத்தியானத்தை எந்தப் பொட்டலத்தில் கட்டுவது? மரணம் ஞாபகத்துக்கு வசதியானது. அன்றாடம் அப்படியில்லை.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நம்மை என்றால் இந்த மாதிரிப் பத்திரிகைகளில் எழுதுகிற, இவற்றைப் படிக்கிற இருநூறு முந்நூறு பேரை. 1983 ஜூலைக்குப் பிறகு கடல் தாண்டி வந்தவர்களைப் பற்றி நாமும் நம் முன்னோரும் எழுதிய கவிதைகளை எண்ணி முடியாது. ரத்தம், சாம்பல், பனைமரம் எல்லாம் வந்துவிட்டன. அவர்கள் வந்து தங்கிய மண்டபம் முகாம் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளைத் தடுத்துவைத்து வைத்தியச் சோதனை செய்வதற்காக ஒரு காலத்தில் ஏற்பட்டது. அதே கொட்டடிகளுக்கு அதே கடல்வழியாக அவர்கள் திரும்பி வந்தார்கள். இதை எழுதிய கவிதை என் கண்ணில் பட்டதில்லை. 1991 மே மாதத்துக்குப் பிறகு ஊர் அவர்களைப் பார்த்த பார்வையே மாறியது. கவிதைகளும் குறைந்தன. 2022-இல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது அரிச்சல்முனைப் பக்கம் குழந்தைகளோடு வந்திறங்கியவர்களையும் இங்கேதான் கொண்டுவந்தார்கள். முகாமில் பிறந்து முப்பது வயதைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு கணக்கு ஆரம்பிக்க வேண்டுமானால் எத்தனை காகிதம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நான் ஈழத்தைப் பற்றி மூன்று கவிதைகள் எழுதியிருக்கிறேன். முகாமிலிருந்து வந்த எவருடைய விண்ணப்பத்தையும் இரண்டாம் தடவை அலையவிடாமல் முடித்துக்கொடுத்ததாக ஞாபகமில்லை. கரமசோவ் சகோதரர்களில் ஜோஸிமாப் பெரியவர் ஒரு டாக்டரைப் பற்றிச் சொல்வார். மனிதகுலத்தை நேசிக்க நேசிக்கத் தனித்தனி மனிதர்களைச் சகிக்க முடியாமல் போனவர் அவர். சாப்பிட ரொம்ப நேரம் எடுக்கிறான், மூக்கைச் சிந்திக்கொண்டே இருக்கிறான் என்று வெறுப்பு வந்துவிடும். நம்மில் எத்தனை டாக்டர்கள்!

சிமோன் வெய்லை நம் வட்டத்தில் சிலருக்குப் பிடிக்கும். எனக்கு மிகவும் பிடிக்கும். அயலானை நேசிப்பதன் முழு உட்பொருளும் அவனிடம் உன் வேதனை என்ன என்று கேட்க முடிவதில் இருக்கிறது என்பது அவர் கருத்து. கவனம் என்பதே பிரார்த்தனை. இதை நான் நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்து, சிலருக்குக் கடிதத்தில் எழுதியும் இருக்கிறேன். அந்த அம்மாளிடம் நான் அதைக் கேட்கவில்லை என்பதுதான் என் குற்றம் என்று முதல் வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது: பாயும் அதைக் கேட்கவில்லை. ராமநாதபுரத்தில் என்ன காரியம், ஆஸ்பத்திரியா, கோர்ட்டா, பேத்தியின் சடங்கா, அவருக்கும் தெரியாது. அவர் கேட்டது ஒரே கேள்வி. எம்புட்டு?

இதை நினைக்க நினைக்க வெய்லின் கேள்வியைவிட இது நாகரிகமானது என்று படுகிறது. உன் வேதனை என்ன என்று கேட்கிறவன் பதில் சொல்ல ஒரு கட்டாயத்தை உண்டாக்குகிறான். அவன் எவ்வளவு மென்மையாகக் கேட்டாலும், வரிசையில் பத்துப் பேர் பார்க்க, தன் வீட்டு விஷயத்தை எடுத்து வைத்துத்தான் அந்த அம்மாள் அவனுடைய இரக்கத்தை வாங்கவேண்டும். எம்புட்டு என்று கேட்கிறவன் வேலியைத் தாண்டுவதில்லை. பிறன் பிறனாகவே இருக்கிறான். அவன் குறை மட்டும் ஒரு தொகையாக மாறிவிடுகிறது, தீர்க்கக்கூடியதாக. பிறன் என்ற அந்தச் சங்கடமான தமிழ்ச் சொல்லுக்கு இப்படி ஒரு நியாயம் இருக்கக்கூடும். சமாரியன் கதையின் முடிவும் வங்கிக்காரன் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு முன்பணம். மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாக ஏற்பாடு. ஜாமீன் கிடையாது, பத்திரம் கிடையாது. காயம்பட்டவனிடம் அவன் ஏதாவது விசாரித்ததாக லூக்கா எழுதவில்லை. கதையில் அவர்கள் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்வதில்லை.

பாய் நல்லவரா என்று எனக்குத் தெரியாது. கிழிந்த நோட்டை வாங்கமாட்டேன் என்றால் என்னோடு சண்டை பிடிப்பார். கடைப் பையன் ஒருவனைத் தாமதமாக வந்ததற்கு நடுத்தெருவில் வைத்துத் திட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அன்பு ஒருவனுக்குச் சொந்தமான குணம் என்றும், அது எப்போதும் அவனிடம் இருக்கும் என்றும் நினைப்பது நாவலாசிரியர்களின் பழக்கம். அன்று அது அவர் வழியாகப் போயிற்று. மறுநாள் போயிற்றா என்பது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு நான் திருந்தினேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. திருந்தாமல் இருந்ததைச் சொல்வதைவிட அதிக வெட்கமாக. யார் வந்தாலும் நகல் எடுத்துக் கொடுத்தேன். எழுதத் தெரியாதவர்களுக்கு நானே சீட்டு எழுதினேன். ஊரிலிருந்து கிளம்பும்போதே, "அந்தக் கண்ணாடி போட்ட சார்ட்ட போங்க" என்று சொல்லியனுப்பத் தொடங்கினார்கள். அது என் காதில் விழுந்தது. விழவேண்டும் என்று காத்திருந்தேன் என்பதுதான் உண்மை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது நெஞ்சு கொஞ்சம் விரிந்திருக்கும். மனைவி ஒருநாள், "வீட்ல கரண்டு பில்லு கட்டச் சொல்லி நாலு நாளாச்சு" என்றாள். வள்ளுவர் வைத்த வேலியை நான் மறுபக்கத்திலிருந்து தாண்டிக்கொண்டிருந்தேன்.

வரிசை நீண்டது. ஒரு நாள் பின்னாலிருந்து ஒரு இளைஞன் சத்தம் போட்டான். கட்டட வேலைக்குப் போகிறவன். ஒரு மணி நேரக் கூலியை விட்டுவிட்டு வந்தவன். "அந்தக் கெழவிக்கு மட்டுந்தே நீங்க உக்காந்துருக்கீகளா? இங்கன நிக்கிறவனெல்லாம் ஆளில்லையா சார்?" நான் அப்போது ஒரு பாட்டிக்கு நிதானமாக, அவளே போதும் என்று சொல்லியும், பாஸ்புக்கின் ஒவ்வொரு வரியையும் விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் சொன்னது சரி. கழுதை ஒன்று, கிடக்கிறவர்கள் இரண்டு பேர். என் அன்பு அவனுடைய நேரத்திலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது. என் கையிலிருந்து எதுவும் போகவில்லை. போனது வங்கியின் காகிதம், பின்னால் நிற்கிறவனின் கூலி. வரிசையின் நியாயம் வறண்டதுதான், ஆனால் அது ஏழைக்கும் கிடைக்கிற ஒரே நியாயம் என்பதையும் மறக்கக்கூடாது. வரிசை இல்லாத காலத்தில் எல்லாம் சிநேகத்தின்பேரில்தான் நடந்தது; யாருக்கு யார் சிநேகம் என்பது ஊருக்கே தெரியும்.

இப்போது அவசியமானால் நகல் எடுத்துக் கொடுக்கிறேன். பேச்சைக் குறைத்துக்கொண்டேன். இது அன்பா, வேலையை ஒழுங்காகச் செய்வதா என்று பிரித்துப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பிரித்துப் பார்த்தால் கெட்டுவிடுகிறது.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மாள் மறுபடியும் வந்தார். விரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டேன். எழுந்து நின்று ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை தொண்டைவரை வந்தது. அவருக்கு என்னை ஞாபகமில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு ஆள். ஒரு நகலை இயந்திரத்தில் எடுத்து, கணக்கைச் சரிசெய்து கொடுத்தேன். பத்து நிமிஷ வேலை. சும்மா இருக்கமாட்டாமல், "அன்னைக்கு அந்தப் பாய்கிட்ட வாங்குனீங்களே, குடுத்துட்டீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"குடுக்காம? பாசி போட்ட ஒடனே குடுத்தாச்சுல்ல தம்பி" என்றார், இதெல்லாம் எதற்குக் கேட்கிறான் என்பதுபோல. கேட்டிருக்கக்கூடாது. அது அவர்களுக்குள் நடந்த விஷயம்.

பாய் அன்று நீட்டிய சலானைப் பற்றிச் சொல்லவேண்டும். தொகையை ஒரு கோட்டால் அடித்து, மேலே ஆயிரத்தைநூறு குறைத்து எழுதியிருந்தார். நோட்டு எண்ணிக்கைக் கட்டத்திலும் மூன்றைக் கழித்திருந்தார். அடித்தல் திருத்தல் இருந்தால் வாங்கமாட்டோம், வேறு சலான் எழுதுங்கள் என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் ஓரமாகப் போய், சங்கிலி கட்டிய பேனாவால் புதிதாக ஒன்று எழுதிக் கொண்டுவந்தார். பழையதைக் கிழித்துக் கூடையில் போட்டேன். அன்று சாயங்காலம் ரொக்கக் கணக்கு ஒரு பைசாகூடப் பிசகாமல் சரியாக இருந்தது.